தன்னந்தனியாகத் திரும்பி நின்ற தேவய்யா

1965-ம் ஆண்டு செப்டம்பர் மாதம் 7-ந்தேதி, செவ்வாய்க்கிழமை.

பஞ்சாபில் உள்ள ஆதம்பூர் விமானத் தளம். பொழுது இன்னும் புலரவில்லை. போர்க்கால இருட்டடிப்பு. அந்தக் கும்மிருட்டிலே ஜெட் விமானங்கள் ஒன்றன்பின் ஒன்றாக உறுமிக்கொண்டு வானில் ஏறின. அவை போன திசை மேற்கு. போன இடம் பாகிஸ்தானின் சர்கோதா.

சூரியன் மேலே வந்த சமயம் விமானங்கள் திரும்பி வந்து இறங்கின. தரையில் நின்றவர்கள் எண்ணிப் பார்த்தார்கள். ஒன்று குறைந்தது. மறுபடியும் எண்ணினார்கள். அப்போதும் ஒன்று குறைந்தது.

வராத விமானத்தை ஓட்டிச் சென்றவர் ஸ்குவாட்ரன் லீடர் தேவய்யா.

அவருக்கு என்ன ஆயிற்று? உடன் சென்றவர்களில் யாருக்கும் தெரியவில்லை. தரைப் பீரங்கியில் சிக்கினாரா? எஞ்சின் பழுதாகி விழுந்தாரா? பார்த்தவர் இல்லை. ரேடியோவிலும் குரல் கேட்கவில்லை. அவர் பெயருக்கு நேரே, காணவில்லை என்று எழுதினார்கள்.

அந்த ஒரு சொல்லுக்குள்ளே ஒரு பெரிய வீரக்கதை மறைந்து கிடந்தது. அது வெளியே வருவதற்குப் பதினான்கு ஆண்டுகள் பிடித்தன. அதற்கு உரிய மரியாதை கிடைப்பதற்கோ இருபத்து மூன்று ஆண்டுகள் பிடித்தன. அதைவிட ஆச்சரியம், அந்தக் கதையை வெளியே கொண்டு வந்தது நம்முடைய ஏடுகள் அல்ல. எதிரியின் ஏடுகள்!

காவிரி பிறக்கும் மண்

திருச்சிக்காரர்களுக்குக் காவிரி வீட்டுப் பெண் மாதிரி. ஆடிப் பெருக்கன்று ஸ்ரீரங்கம் அம்மா மண்டபத்தில் கால் வைக்க இடம் இராது. அதே காவிரியின் தண்ணீரைப் பெட்டவாய்த்தலையில் வாங்கிக்கொண்டு, திருச்சி நகரின் ஊடே ஓடி, காட்டூர், திருவெறும்பூர்ப் பக்கம் கிழக்கே போகிறது உய்யக்கொண்டான் வாய்க்கால்.

அந்தத் தண்ணீர் புறப்படும் இடம் குடகு. ஐப்பசி மாதம் பிறக்கும்போது இங்கே துலா ஸ்நானம் தொடங்குகிறது. அதே சங்கிரமண வேளையில் அங்கே தலைக்காவிரியில், சின்னஞ்சிறு குண்டிகையில் பொங்கிவரும் நீரைக் காணக் குடகு மக்கள் கூடி நிற்கிறார்கள். ஆற்றின் இரு முனையிலும் ஒரே திருநாள்.

அந்தக் குடகு மண்ணில் 1932-ம் ஆண்டு டிசம்பர் 24-ந்தேதி பிறந்தவர் தேவய்யா. தகப்பனார் போப்பய்யா ஒரு டாக்டர். அஜ்ஜமாட என்பது குடும்பப் பெயர். அஜ்ஜமாட போப்பய்யா தேவய்யா என்பது முழுப் பெயர்.

குடகர்களுக்கும் ஆயுதத்துக்கும் உள்ள உறவு பழமையானது. ஆண் குழந்தை பிறந்தால் வானத்தை நோக்கித் துப்பாக்கியால் சுட்டு ஊருக்குச் சேதி சொல்லும் வழக்கம் அவர்களுடையது. நாம் சரஸ்வதி பூசையன்று ஆயுத பூசை செய்கிறோம். அவர்கள் செப்டம்பர் மாதத் தொடக்கத்தில், வயலில் நடவு வேலை முடிந்த கையோடு, துப்பாக்கிக்கும் கத்திக்கும் பூச்சூட்டி வழிபடுகிறார்கள். கைல்போல்து என்று அந்தப் பண்டிகைக்குப் பெயர்.

மிகச் சிறிய நாடு அது. ஆனால் சுதந்திர இந்தியாவின் முதல் இந்தியத் தரைப்படைத் தலைவர் கரியப்பாவை அளித்தது அந்த நாடுதான். பின்னர் அதே பதவியை வகித்த திம்மய்யாவும் அந்த ஊர்க்காரரே. அந்த மண்ணில் பிறந்த ஒரு டாக்டர் வீட்டுப் பிள்ளை படைக்குப் போனதில் வியப்பு இல்லை. ஆனால் தேவய்யா துப்பாக்கியைத் தேடிப் போகவில்லை. வானத்தைத் தேடிப் போனார்.

ஆசிரியராக இருந்தவர்

1954-ம் ஆண்டு டிசம்பர் மாதம் விமானப் படையில் அதிகாரியாகச் சேர்ந்தபோது அவருக்கு வயது இருபத்திரண்டு நிறையவில்லை. அடுத்த பதினோரு ஆண்டுகளில் அவர் வெறும் விமானியாக மட்டும் இருக்கவில்லை. விமானம் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் ஆசிரியராகவும் ஆனார்.

விமானப் படையில் ஆசிரியர் வேலை எளிதல்ல. விவரம் தெரியாத பிள்ளை கையில் விமானத்தைக் கொடுத்துவிட்டு, பக்கத்திலோ பின்னாலோ உட்கார்ந்துகொண்டு, அவன் செய்யும் தவறு விபத்தாக மாறுவதற்கு ஒரு கணம் முன்னால் திருத்த வேண்டும். பதற்றம் கூடாது. கோபமும் கூடாது. தன் உயிரையும் மாணவன் உயிரையும் சேர்த்துக் காக்கிற வேலை அது.

1965-ல் போர் மூண்டபோது தேவய்யா விமானப் படையின் பயிற்சிக் கல்லூரியில் ஆசிரியராக இருந்தார். வீட்டிலே மனைவியும் இரண்டு பெண் குழந்தைகளும். போர் வந்ததும் அவரை ஆதம்பூரில் இருந்த முதலாவது ஸ்குவாட்ரனுக்கு அனுப்பினார்கள். புலிகள் என்று பெயர் பெற்ற ஸ்குவாட்ரன் அது.

கற்றுக்கொடுத்த வாத்தியார் களத்துக்குப் போனார்.

தூங்காத இரவு

அந்த ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் காஷ்மீருக்குள் பாகிஸ்தான் ஆட்கள் மறைந்து நுழைந்தார்கள். செப்டம்பர் முதல் தேதி சாம்ப் பகுதியில் பாகிஸ்தான் டாங்கிகள் பாய்ந்தன. 6-ந்தேதி காலை இந்தியத் தரைப்படை லாகூர் முனையில் எல்லையைக் கடந்தது.

அன்று மாலையே பாகிஸ்தான் விமானங்கள் நம் தளங்களைத் தாக்கின. பதான்கோட்டில் தரையில் நின்ற விமானங்கள் பல எரிந்தன. ஹல்வாராவில் வானத்திலேயே சண்டை நடந்தது. இரவில் குண்டு வீச்சு. போதாததற்குப் பதான்கோட், ஹல்வாரா, ஆதம்பூர் ஆகிய மூன்று தளங்களுக்கு அருகிலும் பாகிஸ்தான் கமாண்டோக்கள் பாரசூட்டில் குதித்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் பின்னர் பிடிபட்டார்கள். ஆனால் அந்த இரவில் எந்தக் கரும்புக் காட்டில் யார் பதுங்கியிருக்கிறார்கள் என்று யாருக்குத் தெரியும்?

இந்தச் சூழ்நிலையில்தான் விடிவதற்கு முன் சர்கோதாவைத் தாக்க வேண்டும் என்ற உத்தரவு ஆதம்பூருக்கு வந்தது.

சர்கோதா பாகிஸ்தான் விமானப் படையின் இதயம். அமெரிக்கா கொடுத்த சேபர் விமானங்களும் ஸ்டார்ஃபைட்டர் விமானங்களும் நிறைந்திருந்த இடம். ஆதம்பூரிலிருந்து ஏறத்தாழ 190 மைல். சுற்றிலும் விமான எதிர்ப்புப் பீரங்கிகள்.

மாற்று ஆள்

தாக்குதலுக்குப் பன்னிரண்டு மிஸ்டேர் விமானங்கள் என்று திட்டம். தலைமை தாங்கியவர் ஸ்குவாட்ரனின் தளபதி விங் கமாண்டர் ஓ.பி. தனேஜா.

பன்னிரண்டில் ஏதாவது ஒன்று கடைசி நேரத்தில் பழுதாகி நின்றுவிட்டால் என்ன செய்வது? அதற்காக மாற்று ஏற்பாடும் செய்திருந்தார்கள். அப்படி மாற்று ஆளாகக் குறிக்கப்பட்டவர்தான் தேவய்யா. அதாவது, இடம் காலியானால் போகலாம். இல்லாவிட்டால் தரையிலேயே இருக்க வேண்டியதுதான்.

இடம் காலியாயிற்று. தேவய்யா புறப்பட்டார்.

விளையாட்டுக் குழுவில் பதினோராவது ஆள் காலைச் சுளுக்கிக்கொண்டால், ஓரத்தில் உட்கார்ந்திருந்தவன் எழுந்து போவதைப் போல ஒரு சிறு மாறுதல். ஆனால் அந்தச் சிறு மாறுதல் ஒருவர் வாழ்வை முடித்தது. பலர் வாழ்வைக் காத்தது.

கிழமும் குமரியும்

இந்தக் கதையின் அருமை தெரிய வேண்டுமானால் இரண்டு விமானங்களைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டும்.

மிஸ்டேர் பிரான்சு நாட்டு டஸ்ஸோ கம்பெனி செய்தது. 1957 முதல் இந்தியாவுக்கு வந்தது. உறுதியான விமானம். குண்டும் ராக்கெட்டும் சுமந்துகொண்டு தாழப் பறந்து தரை இலக்குகளைத் தாக்குவதில் கெட்டிக்காரன். ஆனால் வேகம் மணிக்கு 700 மைலுக்குள் அடங்கிவிடும். நேராகப் பறக்கும்போது ஒலியின் வேகத்தைத் தாண்ட அதனால் முடியாது. ஆயுதம், 30 மில்லிமீட்டர் பீரங்கி இரண்டு.

ஸ்டார்ஃபைட்டர் அமெரிக்க லாக்ஹீட் கம்பெனியின் படைப்பு. ஒலியைப்போல் இரண்டு மடங்கு வேகம். மணிக்கு 1,300 மைலுக்கு மேல் பறக்கும். நீண்ட கூரான உடல். இரு புறமும் குட்டை இறக்கைகள். அந்த இறக்கைகளின் முன்விளிம்பு கத்தி மாதிரி மெலிந்திருக்கும். தரையில் நிற்கும்போது ஆட்கள் காயப்படாமல் இருக்க அதற்கு உறை போட்டு மூடுவார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்! எஞ்சின் சூட்டைத் தேடிப் பாயும் சைட்விண்டர் ஏவுகணையும் அதில் உண்டு. கண் மூடித் திறப்பதற்குள் நூறு குண்டைக் கக்கும் ஆறு குழல் பீரங்கியும் உண்டு.

ஆசியாவில் இந்த விமானத்தை முதலில் பெற்ற நாடுகளில் ஒன்று பாகிஸ்தான். பத்துப் பன்னிரண்டு விமானங்களே அவர்களிடம் இருந்தன. ஆனால் அவற்றின் பெயரைக் கேட்டாலே போதும் என்று சொல்லும்படி விளம்பரம். வானத்தில் இதை வெல்ல ஒன்றும் இல்லை என்பது அன்றைய பேச்சு.

மிஸ்டேர் விமானத்துக்கு இட்டிருந்த வேலை குண்டு போட்டுவிட்டு வீட்டுக்கு ஓடி வருவது. ஸ்டார்ஃபைட்டரை எதிர்த்து மல்லுக்கு நிற்பது அதன் வேலையே அல்ல.

சர்கோதாவின் மேலே

விமானங்கள் மரங்களின் தலைக்குச் சற்று மேலாகப் பறந்தன. உயரப் போனால் ராடார் காட்டிக்கொடுத்துவிடும். இருட்டிலே, விளக்கு இல்லாமல், பேச்சு இல்லாமல், பக்கத்து விமானத்தின் நிழலை மட்டும் கண்ணில் வைத்துக்கொண்டு பறக்க வேண்டும். இந்த இருட்டில் சில விமானங்கள் கூட்டத்தை விட்டுப் பிரிந்தும் போயின.

கிழக்கே வெளிறும் வேளையில் சர்கோதா வந்தது. முதல் அலைத் தாக்குதல் எதிரிக்கு எதிர்பாராத அடி. மிஸ்டேர் விமானங்கள் தளத்தின்மீது பாய்ந்து, தரையில் நின்ற விமானங்களையும் கட்டடங்களையும் தாக்கின. சேதம் எவ்வளவு என்பதில் இரு நாட்டுக் கணக்கும் இன்றுவரை ஒத்துப்போகவில்லை. ஆனால் விழித்துக்கொண்ட தளம் சும்மா இருக்கவில்லை. பீரங்கிகள் சீறின. வானத்தில் காவல் சுற்றிக்கொண்டிருந்த ஸ்டார்ஃபைட்டர் ஒன்றைத் தரையிலிருந்தே அந்தப் பக்கம் திருப்பிவிட்டார்கள்.

அதை ஓட்டியவர் பாகிஸ்தான் விமானப் படையின் ஃபிளைட் லெப்டினென்ட் அம்ஜத் உசேன்.

இந்திய விமானங்கள் வேலையை முடித்துக்கொண்டு தாழப் பறந்து வீடு திரும்பிக்கொண்டிருந்தன. கையில் இருந்த பெட்ரோல் அளவானது. முன்னே வெகு தூரம். பின்னே இரட்டிப்பு வேகத்தில் எமன்.

ஓடுவதா? நிற்பதா?

விமானப் போரில் ஒரு விதி உண்டு. எந்த விமானிக்கும் தன் முதுகு தெரியாது. எனவே ஒருவன் முதுகை மற்றவன் பார்த்துக்கொள்ள வேண்டும். முன்னால் போகிறவன் இலக்கைப் பார்ப்பான். பின்னால் வருகிறவன் வாலைக் காப்பான். அந்த நம்பிக்கையில்தான் நான்கு பேரும் எட்டுப் பேரும் சேர்ந்து பகைவர் நாட்டுக்குள் போய்த் திரும்ப முடிகிறது.

அம்ஜத் உசேன் தேவய்யாவின் விமானத்தைக் கண்டார். முதலில் சைட்விண்டர் ஏவுகணையை விட்டார். மிஸ்டேர் அவ்வளவு தாழ்வாகப் பறந்தபடியால் ஏவுகணை குறி தவறித் தரையில் போய்ப் புதைந்தது. பிறகு நெருங்கி வந்து பீரங்கியால் சுட்டார். இந்த முறை குண்டுகள் தைத்தன. தேவய்யாவின் விமானம் அடிபட்டது. வேலை முடிந்தது, இனி அது விழுந்துவிடும் என்று எண்ணிய அம்ஜத் உசேன் வேறு இரையைத் தேடித் திரும்பினார்.

இங்கேதான் கதை திரும்புகிறது.

அடிபட்ட மிஸ்டேர் விழவில்லை. விமானி இன்னும் உயிரோடு இருந்தார். கைப்பிடி இன்னும் அவர் சொன்னபடி கேட்டது. இப்போது அவர் முன்னே இரண்டு வழிகள். ஒன்று, கிழக்கே மூக்கைத் திருப்பி, விமானம் எத்தனை தூரம் தாங்குமோ அத்தனை தூரம் ஓடிப் பார்ப்பது. அல்லது விமானத்தை விட்டுக் குதித்து உயிரைக் காத்துக்கொண்டு கைதியாவது. எந்த விமானியும் அதைச் செய்யலாம். யாரும் குறை சொல்லப் போவதில்லை.

ஆனால் ஸ்டார்ஃபைட்டர் இன்னும் வானத்தில் இருந்தது. முன்னே தோழர்கள் போய்க்கொண்டிருந்தார்கள். மணிக்கு 700 மைல் ஓடுகிறவனை 1,300 மைல் ஓடுகிறவன் பிடிக்க எத்தனை நேரம் ஆகும்?

அவர் மனத்திலே அந்த நொடியில் என்ன ஓடிற்று என்று யாரும் சொல்ல முடியாது. செய்கையைத்தான் சொல்ல முடியும். குண்டு பட்ட விமானத்தை வைத்துக்கொண்டு, தேவய்யா ஸ்டார்ஃபைட்டரை எதிர்த்துத் திரும்பினார்.

சந்துக்குள் சைக்கிள்

ஸ்டார்ஃபைட்டர் வேகத்தில் ராஜா. ஆனால் அதற்கு ஒரு குறை உண்டு. அந்தக் குட்டை இறக்கைகள் வேகம் இருந்தால்தான் உடலைத் தாங்கும். வேகம் குறைந்தால் வளைந்து திரும்ப முடியாது. திரும்பினாலும் பெரிய வட்டம் போட வேண்டும். மிஸ்டேர் விமானமோ வேகத்தில் குறைவென்றாலும் நெருக்கமாக வளையும்.

பெங்களூர் ரோட்டில் பறக்கும் பந்தயக் காரைச் சைக்கிள்காரன் பிடிக்க முடியாது. ஆனால் அதே காரைத் திருச்சி சின்னக் கடை வீதிச் சந்துக்குள் கொண்டுவந்துவிட்டால்? அங்கே சைக்கிள்தான் ராஜா.

தாழ்வான உயரத்தில், குறைந்த வேகத்தில், ஒருவரையொருவர் வட்டமிட்டுத் துரத்தும் சண்டை மூண்டது. ஸ்டார்ஃபைட்டர் எந்த வகைச் சண்டைக்கு ஏற்றதல்லவோ அந்தச் சண்டைக்குள் அது மாட்டிக்கொண்டது. பல ஆண்டுகள் மாணவர்களுக்கு விமானம் ஓட்டச் சொல்லிக்கொடுத்த கை, அடிபட்ட விமானத்தை வளைத்து வளைத்து ஓட்டியது. குறி கிடைத்தது. 30 மில்லிமீட்டர் பீரங்கிகள் முழங்கின.

குண்டுகள் ஸ்டார்ஃபைட்டரில் பாய்ந்தன. விமானம் கைக்கு அடங்காமல் போயிற்று. அம்ஜத் உசேன் இருக்கையோடு வெளியே எறியப்பட்டு, பாரசூட்டில் இறங்கி உயிர் பிழைத்தார். உலகமே மெச்சிய ஸ்டார்ஃபைட்டர் பாகிஸ்தான் மண்ணிலேயே மோதி நொறுங்கியது.

அடிபட்டிருந்த மிஸ்டேரும் விழுந்தது. தேவய்யா தப்பவில்லை. அவருக்கு வயது முப்பத்திரண்டு.

தனேஜாவும் மற்ற விமானிகளும் ஆதம்பூர் வந்து இறங்கினார்கள். தங்கள் பின்னே நடந்தது அவர்களுக்குத் தெரியாது. தாங்கள் பிழைத்து வந்ததற்கு ஒருவர் விலை கொடுத்திருக்கிறார் என்பதும் தெரியாது.

மூடிக் கிடந்த உண்மை

போர் அந்த மாதம் 23-ந்தேதி விடியும் முன் நின்றது. மறு ஆண்டு ஜனவரியில் தாஷ்கண்டு ஒப்பந்தம் ஆயிற்று. கைதிகள் திரும்பி வந்தார்கள். போரின் கடைசி நாளான 22-ந்தேதி சுட்டு வீழ்த்தப்பட்டுக் கைதியான விமானி ஒருவரும் அவர்களில் இருந்தார். அவர் ஜெனரல் கரியப்பாவின் மகன்; தேவய்யாவின் குடகுக்காரர். தேவய்யா வரவில்லை. காணவில்லை என்ற சொல், காலம் கழிந்து, இறந்தார் என்று கொள்ளப்பட்டது. அவ்வளவுதான். அவருக்கு விருது எதுவும் இல்லை. எப்படிக் கொடுப்பார்கள்? அவர் என்ன செய்தார் என்பதே தெரியாதே!

ஒரு வீட்டிலே இரண்டு பெண் குழந்தைகள் தகப்பன் இல்லாமல் வளர்ந்தார்கள். களத்தில் வீழ்ந்தார் என்று தெரிந்தால் அழுது தீர்க்கலாம். காணவில்லை என்றால் அழவும் முடியாது; ஆறவும் முடியாது. அந்த வேதனையை அனுபவித்த குடும்பங்களுக்குத்தான் அதன் கனம் தெரியும்.

பாகிஸ்தான் தரப்பிலும் உண்மை உடனே வெளிவரவில்லை. ஸ்டார்ஃபைட்டரை ஒரு பழைய மிஸ்டேர் சுட்டு வீழ்த்தியது என்று சொல்ல யாருக்கு மனம் வரும்? தான் சுட்டுச் சிதறிய இந்திய விமானத்தின் துண்டுகள் மோதியதால் ஸ்டார்ஃபைட்டர் விழுந்தது என்ற மாதிரியான செய்திதான் அன்று உலவியது.

இன்னொரு விசித்திரமும் உண்டு. 1971-ல் மறுபடி போர் வந்தது. டிசம்பர் மாதம் அமிர்தசரஸ் ராடாரைத் தாக்க வந்த ஸ்டார்ஃபைட்டர் ஒன்றை நம் பீரங்கிகள் வீழ்த்தின. அதிலிருந்து குதித்துக் கைதியானவர் அதே அம்ஜத் உசேன்! தேவய்யாவின் கடைசி நிமிஷங்களைக் கண்ணால் கண்ட ஒரே மனிதர் இந்தியாவின் காவலிலேயே இருந்தார். பிறகு ஊர் திரும்பினார். அப்போதும் தேவய்யாவின் கதை இங்கே வெளிவரவில்லை.

எதிரியின் புத்தகம்

1979-ல் ஓர் ஆங்கிலேயர் புத்தகம் வெளியிட்டார். அவர் பெயர் ஜான் ஃபிரிக்கர். விமானங்களைப் பற்றி எழுதும் பத்திரிகையாளர். 1965 விமானப் போரைப் பற்றிய அந்தப் புத்தகம், பாகிஸ்தான் விமானப் படையின் ஒத்துழைப்போடு, அவர்கள் காட்டிய ஏடுகளைப் பார்த்து எழுதப்பட்டது. பாகிஸ்தானின் பெருமையைச் சொல்ல வந்த நூல் அது.

அந்த நூலில்தான் இந்தச் சண்டை பதிவாகியிருந்தது. அடிபட்ட பிறகும் ஓடாமல் எதிர்த்து நின்ற ஒரு மிஸ்டேர், சண்டையிட்டு ஸ்டார்ஃபைட்டரை வீழ்த்தியது என்று அதில் கண்டது. அந்த இந்திய விமானியின் பெயர் அதில் இல்லை. எழுதியவருக்கு அது தெரியாது.

இந்திய விமானப் படை அதிகாரிகள் அதைப் படித்து நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். யார் அந்த விமானி?

கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். அன்று அதிகாலைத் தாக்குதலுக்குப் போன மிஸ்டேர் விமானிகளில் திரும்பி வந்தவர் எவரும் ஸ்டார்ஃபைட்டரோடு சண்டையிட்டதாகச் சொல்லவில்லை. திரும்பி வராதவர் ஒரே ஒருவர். அப்படியானால் அவர் வேறு யாராக இருக்க முடியும்?

தளபதியாக இருந்த தனேஜா ஓய்வு பெற்றிருந்த காலம் அது. தன் ஆள் செய்த செயலுக்கு அங்கீகாரம் வேண்டும் என்று அவர் அதிகாரிகளுக்கு எழுதினார். போர் முடிந்து இத்தனை ஆண்டு கழித்து விருதா என்று கோப்பை மூடிவிடுவது சுலபம். அப்படி மூடவில்லை. 1988-ம் ஆண்டு ஸ்குவாட்ரன் லீடர் தேவய்யாவுக்கு மகாவீர சக்கரம் அளிக்கப்பட்டது. போர்க்களத் தீரத்துக்கு இந்திய அரசு அளிக்கும் விருதுகளில் பரமவீர சக்கரத்துக்கு அடுத்த படியில் நிற்பது அது. இருபத்து மூன்று ஆண்டுகள் காத்திருந்த மனைவி அதை வாங்கிக்கொண்டார்.

பெயர் இல்லாத கல்லறை

அவருடைய உடல் என்ன ஆயிற்று? பாகிஸ்தானிலிருந்து பின்னாளில் வந்த தகவல் அதையும் சொன்னது. விமானம் விழுந்த இடத்துக்கு அருகே கிராமத்து மக்கள் ஒரு விமானியின் உடலைக் கண்டார்கள். அந்த வயல்வெளியிலேயே அடக்கம் செய்தார்கள். போர் நடந்துகொண்டிருந்த சமயத்தில், பகைவன் என்று தெரிந்தும், மண்ணைத் தோண்டி மரியாதையாக மூடிய அந்த உழவர்களுக்கும் நாம் கைகூப்ப வேண்டும்.

குடகில் மடிக்கேரி நகரத்தின் ஒரு நாற்சந்திக்கு இன்று தேவய்யாவின் பெயர். அங்கே அவருடைய சிலையும் நிற்கிறது. 2025-ல் இவர் கதையைத் தழுவி ஸ்கை ஃபோர்ஸ் என்ற இந்திப் படமும் வந்தது. சினிமாவுக்கே உரிய கற்பனை அதில் கலந்திருக்கிறது, பெயரும் மாற்றப்பட்டிருக்கிறது. ஆனாலும் பலருக்கு இந்தப் பெயர் முதன்முதலாகக் காதில் விழுந்தது அப்போதுதான்.

யார் பார்க்கிறார்கள்?

பாராட்ட ஆள் இருக்கும்போது வீரம் காட்டுவது ஒரு விதம். தளபதி பார்க்கிறார், தோழர்கள் பார்க்கிறார்கள், நாளை பத்திரிகையில் வரும் என்ற எண்ணம் தோள் கொடுக்கும். அன்றைக்கே, அதே செப்டம்பர் 7-ந்தேதி, நாட்டின் மறு கோடியில் வங்காளத்துக் கலாய்குண்டா தளத்தின் மேலே குக், மம்கயின் என்ற இரு இந்திய விமானிகள் நான்கு சேபர்களை எதிர்த்துச் சண்டையிட்டார்கள். அதைத் தரையில் இருந்தவர்கள் அண்ணாந்து பார்த்தார்கள். இருவருக்கும் வீர சக்கரம் கிடைத்தது. கிடைக்க வேண்டியதுதான்.

தேவய்யாவுக்கு அந்த வாய்ப்புக்கூட இல்லை. அவரைப் பார்த்தது எதிரி ஒருவர் மட்டுமே. தோழர்கள் முன்னே பார்த்துப் பறந்துகொண்டிருந்தார்கள். தாம் செய்வது யாருக்கும் தெரியப் போவதில்லை என்பது அவருக்குத் தெரிந்திருக்கும். தெரிந்தும் திரும்பினார்.

1965-ம் ஆண்டு திருச்சிக்கும் மறக்க முடியாத ஆண்டு. திருவெறும்பூர்ப் பக்கம் கொதிகலன் தொழிற்சாலை உற்பத்தியைத் தொடங்கிய ஆண்டு அது. அங்கே வேலைக்கு வந்து, காட்டூரில் வீடு கட்டிக் குடியேறி, பிள்ளைகளைப் படிக்க வைத்த குடும்பங்கள் ஏராளம். அந்தப் பிள்ளைகளின் பிள்ளைகள் இன்று வளர்ந்துவிட்டார்கள். அவர்கள் அமைதியாக வளர்ந்த இந்த ஆண்டுகளுக்குப் பின்னால், பெயர் தெரிந்தும் தெரியாமலும் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவரின் பெயர் நமக்குத் தற்செயலாகத் தெரியவந்தது. அதுவும் எதிரி எழுதி வைத்ததால்!

ஆடிப் பெருக்கன்று அம்மா மண்டபத்துப் படியில் காவிரித் தண்ணீரைக் கையில் அள்ளும்போது, அது புறப்பட்டு வந்த மலைநாட்டைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். அங்கே பிறந்த ஒரு வாத்தியார், தன்னோடு வந்தவர்கள் வீடு போய்ச் சேரவேண்டும் என்று, ஓட்டை விழுந்த விமானத்தோடு தன்னந்தனியாகத் திரும்பி நின்றார். அவர்கள் வீடு போய்ச் சேர்ந்தார்கள்.